குழந்தைகளுக்கு நேர்மையான பரிசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாள், காதுகுத்து, நவராத்திரி, பொங்கல் என்று குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாட்கள் வருடம் முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. செய்தவரின் உழைப்பைச் சுரண்டாமலும் குழந்தையின் உடலுக்குக் கேடு விளைவிக்காமலும் உருவான பரிசை எப்படித் தேர்ந்தெடுப்பது, வீட்டிலேயே எதைச் செய்து கொடுப்பது என்று பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் செய்யப்படும் பொருள்களையும், அண்டை மாநிலங்களிலிருந்து நம் கடைகளுக்கு வரும் பொருள்களையும் மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

ஒரு பொம்மை நேர்மையாகச் செய்யப்பட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது?

இதைச் செய்தவர் யார், எதைக் கொண்டு செய்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விற்பவரிடமிருந்து தெளிவான பதில் வர வேண்டும். "எல்லாம் இயற்கைதாங்க" என்பது பதில் ஆகாது. எந்த ஊரில் செய்தது, என்ன மரம், மேலே பூசியிருப்பது அரக்கா பெயிண்ட்டா என்று கேட்டால், கைவினைஞரோடு நேரடித் தொடர்பு உள்ள கடைக்காரர் தயங்காமல் சொல்லிவிடுவார். சிலர் செய்தவரின் கைப்பேசி எண்ணையே கொடுப்பார்கள். பெரிய மொத்த வியாபாரிகளிடமிருந்து மூட்டையாக வாங்கி விற்பவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. அவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் யாருக்கும் தெரியாத இடத்தில்தான் குறைகூலியும் ஈயம் கலந்த சாயமும் எளிதாக ஒளிந்துகொள்கின்றன.

பூம்புகார் என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருள்களை விற்கும் மதி அங்காடிகள், மாவட்டத் தலைநகரங்களில் நடக்கும் கைவினைக் கண்காட்சிகள் ஆகியவை தேடலைத் தொடங்க ஏற்ற இடங்கள். கண்காட்சியில் கைவினைஞரே கடை போட்டிருந்தால், மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் வழங்கும் 'பெஹ்சான்' அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். அதைக் கேட்பது அவமரியாதை அல்ல. பலர் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்கள்.

ஐ.எஸ்.ஐ முத்திரை இருந்தால் போதாதா? கைவினைப் பொம்மைகளில் அது ஏன் இருப்பதில்லை?

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. கூர்முனை, எளிதில் கழன்று விழும் சிறு பாகம், தீப்பற்றும் தன்மை, ஈயம், காட்மியம் போன்றவை கசியும் அளவு ஆகியவற்றை இதற்கான தர நிர்ணயம் சோதிக்கிறது. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் உள்ளிட்டு, அது உண்மையானதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பொம்மையும் பேட்டரி பொம்மையும் வாங்கும்போது இதை அவசியம் செய்யுங்கள்.

ஆனால் இந்த முத்திரை குழந்தையின் பாதுகாப்பைப் பற்றியது; தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மேலும், பதிவு பெற்ற கைவினைஞர்களும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை முறைப்படி பதிவு செய்துகொண்டு தயாரிப்பவர்களும் இந்த விதியிலிருந்து விலக்கு பெற்றவர்கள். சிறிய பட்டறை வைத்திருப்பவர் ஆய்வகச் செலவைத் தாங்க முடியாது என்பதால் இந்த விலக்கு நியாயமானதே என்று நான் கருதுகிறேன். அதே நேரத்தில், ஆய்வகம் செய்திருக்கக்கூடிய சோதனையை வாங்குபவரே செய்ய வேண்டிய பொறுப்பும் இதனால் வந்துவிடுகிறது.

மரப் பொம்மைகளில் எதை நம்பி வாங்கலாம்?

என் முதல் தேர்வு அரக்குக் கடைசல் பொம்மைகள். திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தின் சொப்புச் சாமான்கள், கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகள், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா பொம்மைகள் ஆகிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை. சென்னபட்டணாவிலும் ஏட்டிகொப்பாகாவிலும் மரபாகப் பயன்படுவது ஒரே மரம்தான்: தோல் நோய்க்கான தைலத்துக்காக நம் ஊரில் அனைவரும் அறிந்த வெட்பாலை. வெளிர்நிறமும் மென்மையும் உடைய அந்த மரம் கடைசலுக்கு மிகவும் இணங்கி வரும்.

பட்டறையில் இது நடக்கும் விதத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அரக்குக்கும் பெயிண்ட்டுக்கும் உள்ள வேறுபாடு மறக்காது. கடைசல் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் மரத்துண்டை உளியால் செதுக்கி உருவம் கொண்டுவந்த பிறகு, அதே சுழற்சியில் நிறம் ஏற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் படலமாகப் படிகிறது. பிறகு தாழை ஓலையை மடித்து அழுத்திப் பிடிக்க, திட்டுத் திட்டாக இருந்த நிறம் சமமாகப் பரவிப் பளபளப்பு ஏறுகிறது. தூரிகையும் இல்லை, தின்னரும் இல்லை. இப்படிச் செய்த பொம்மையைக் குழந்தை வாயில் வைத்தாலும் நாம் பதறத் தேவையில்லை. அரக்கோடு கலந்த நிறம் எது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏட்டிகொப்பாகாவில் கைவினைஞர் சி. வி. ராஜு போன்றவர்களின் முயற்சியால் தாவரச் சாயங்கள் மீண்டும் புழக்கத்துக்கு வந்துள்ளன. ஆயினும் இந்த மூன்று ஊர்களின் பெயரில் விற்கப்படும் எல்லாமே தாவரச் சாயம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மரப்பாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரபான மரப்பாச்சி செம்மரத்தில் செய்யப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் இந்த மரம், கடத்தலால் பெரிதும் அழிந்து, இன்று அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆகவே, "அசல் செம்மரம்" என்று ரசீது இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். பாட்டி வீட்டுக் கொலுப் பெட்டியில் பழைய மரப்பாச்சி இருந்தால், அதற்குப் புதிதாக ஒரு பாவாடை தைத்துப் பேத்தியிடம் கொடுங்கள். கடையில் கிடைக்கும் எந்த மரப்பாச்சியும் அதற்கு ஈடாகாது.

இயற்கைச் சாயம் என்றால் பயமில்லை அல்லவா?

அப்படிச் சொல்ல முடியாது. செந்தூரம் என்ற பெயரில் விற்கப்படும் சிவப்புப் பொடி பல நேரங்களில் ஈயச் சேர்மம்தான். மஞ்சள் தூளுக்குப் பளிச்சென்ற நிறம் வருவதற்காக ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி தெற்காசிய நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே, வீட்டில் விளையாட்டு மாவுக்கோ துணிக்கோ மஞ்சள் நிறம் ஏற்ற விரும்பினால், விரலி மஞ்சளை வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தில் இத்தனை கவனம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகையால், அதற்கு முன் வாங்கி மிச்சம் வைத்திருக்கும் பெயிண்ட் டப்பாவைத் திறந்து மர வண்டிக்குப் பூச வேண்டாம்.

வீட்டில் செய்யும் மரப் பொம்மைக்கு நிறமே தேவையில்லை என்பது என் கருத்து. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெயில் சிறிது தேன்மெழுகைச் சூடாக்கிக் கரைத்து, ஆறியபின் துணியால் பூசித் துடைத்தால் மரத்தின் ரேகைகளே அழகாகத் தெரியும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் குழந்தை விளையாடக் கொடுக்கலாமா?

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, பெரியவர் அருகில் இருக்கும்போது கொடுக்கலாம். வட்டமான அடிப்பகுதியில் எடை முழுவதும் இருப்பதால்தான் எப்படித் தள்ளினாலும் அது நிமிர்கிறது என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்க விடுங்கள். ஆனால் காகிதக் கூழாலும் களிமண்ணாலும் செய்து மேலே பெயிண்ட் பூசிய எந்தப் பொம்மையும், கொலுப் பொம்மைகள் உட்பட, வாயில் வைத்துக் கடிக்கும் வயதில் உள்ள குழந்தைக்கு ஏற்றதல்ல.

கைவினைஞர் வீட்டில் பிள்ளைகளும் வேலை செய்வதைப் பார்த்தேன். அந்தப் பொருளை வாங்குவது தவறா?

2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது; 14 முதல் 18 வயது வரை ஆபத்தான வேலைகளுக்கு அமர்த்தக் கூடாது. தங்கள் குடும்பத் தொழிலில், அது ஆபத்தானதாக இல்லாத நிலையில், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவுவதற்குச் சட்டம் இடம் தருகிறது.

சட்டம் இடம் தருவதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அப்பா மண்ணைப் பிசைவதைப் பார்த்து அருகில் உட்கார்ந்து ஒரு யானை செய்யும் சிறுமிக்கும், ஆர்டர் முடிய வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கு அனுப்பப்படாமல் நாள் முழுவதும் குனிந்து வண்ணம் தீட்டும் சிறுவனுக்கும் வேறுபாடு இருக்கிறது. அந்தக் குழந்தையிடமே எந்த வகுப்பு படிக்கிறாய், எந்தப் பள்ளி என்று அன்பாகக் கேளுங்கள். பதில் மனத்தை உறுத்தினால், குழந்தைகள் உதவி எண் 1098இல் தெரிவிக்கலாம். கைவினைஞருக்கு நியாயமான விலை கிடைக்கும் இடத்தில் இந்த நெருக்கடியே பெரும்பாலும் எழாது என்பதால், அடுத்த கேள்வியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

விலை அதிகமாக இருக்கிறது. பேரம் பேசலாமா?

கைவினைஞரிடம் நேரடியாக வாங்கும்போது பேசாதீர்கள். மரம் வாங்கிக் காயவைத்த காலம், கடைசலுக்கான மின்சாரம், அரக்கு, பாதியில் பிளந்து வீணாகிப்போன துண்டுகள், கண்காட்சிக்கு வந்துபோகும் பஸ் செலவு ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அவருடைய கூலி. நாம் குறைக்கச் சொல்லும் ஐம்பது ரூபாய் முழுவதும் அந்தக் கூலியிலிருந்துதான் போகும். மரக்கடைக்காரர் அதற்காக விலையைக் குறைக்கப் போவதில்லை. கையில் பணம் குறைவாக இருந்தால் சிறிய பொருளாக வாங்குங்கள். ஒரு முழுச் சொப்புப் பெட்டிக்குப் பதிலாக ஒரு பம்பரமும் ஒரு கிண்ணமும் போதும்.

எனக்குத் தையலும் தச்சும் தெரியாது. நான் எதைச் செய்து கொடுக்க முடியும்?

ஆடு புலி ஆட்டத் துணியைச் செய்யுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் சொல்லும் பரிசு இதுதான். ஒரு முழம் அளவுள்ள கெட்டியான பருத்தித் துணியை எடுத்து, சாக்பீஸால் மேலே ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து கீழ்நோக்கி விரியும்படி நான்கு கோடுகள் இழுத்து, அவற்றின் அடிமுனைகளை ஒரு கோட்டால் சேருங்கள். நடுவில் மூன்று குறுக்குக் கோடுகளை, முக்கோணத்தைத் தாண்டி இருபுறமும் சற்று நீளும்படி போட்டு, நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் இணைத்துவிடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் 23 வர வேண்டும். பிறகு, தடித்த நூலால் சாக்பீஸ் கோட்டின்மேல் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் எளிய தையல்) போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். தையல் கோணலாக இருந்தாலும் ஆட்டம் கெடாது. மூன்று புலிகளுக்கு மூன்று பெரிய மரப் பொத்தான்கள், 15 ஆடுகளுக்கு 15 சிறிய பொத்தான்கள். எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் துணியைச் சுருட்டி நாடாவால் கட்டிவிட்டால், ரயில் பயணத்துக்கும் எடுத்துப் போகலாம்.

பல்லாங்குழிக்குக் காய் தேடுபவர்கள் சோழிக்குப் பதிலாகப் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாம். கடையில் விற்கும் பளபளப்பான சோழிகள் பெரும்பாலும் உயிருள்ள கடல் நத்தைகளைக் கொன்று எடுக்கப்பட்டவை.

வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்ய விரும்பும் பெற்றோர், புனேவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அரவிந்த் குப்தா இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் செய்முறைகளைப் பார்க்க வேண்டும். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும் கொண்டு வடிவியல் உருவங்கள் செய்வதிலிருந்து அவற்றில் எத்தனையோ இருக்கின்றன. பல தமிழிலும் கிடைக்கின்றன.

துணி பொம்மை தைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்திப் புடவைதான் இதற்கு மிகச் சிறந்த துணி. கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்காமல் நூலாலேயே கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத் தையுங்கள். ஓரங்களில் பின் தையலாக இரண்டு வரிசை போட்டு, முடிந்ததும் கையையும் காலையும் பலமாக இழுத்துப் பாருங்கள். உங்கள் கையில் பிய்யாதது குழந்தையின் கையில் பிய்வது அரிது. உள்ளே இலவம்பஞ்சு வைப்பதானால், அதை முதலில் ஒரு தனித் துணிப்பையில் அடைத்துத் தைத்து, அந்தப் பையைப் பொம்மைக்குள் வையுங்கள். தையல் விட்டுப்போனால் இலவம்பஞ்சு இழைகள் பறந்து குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போய்விடும். தையற்கடையில் மிஞ்சும் பருத்தித் துணுக்குகளை நறுக்கி அடைத்தால் இந்தக் கவலை இல்லை, துவைக்கவும் எளிது.

ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலிலோ தூளியிலோ எந்தத் துணி பொம்மையும் இருக்கக் கூடாது. அன்போடு தைத்த பாட்டியிடம் இதைச் சொல்வதற்குத் தயங்க வேண்டாம்.

கைக்குழந்தைக்குப் பனை ஓலைக் கிலுகிலுப்பை கொடுக்கலாமா?

பெரியவர் கையில் வைத்து ஆட்டிக் காட்டலாம். குழந்தையின் கையில் விட்டுவிட்டு நகரக் கூடாது. ஓலை ஈரத்தில் இளகிப் பிரிந்து, உள்ளே இருக்கும் விதையோ கல்லோ வெளியே வரும்.

உள்ளே என்ன விதை இருக்கிறது என்பதை அவசியம் கேளுங்கள். கருப்புப் பொட்டு வைத்த சிவப்புக் குன்றிமணியில் அப்ரின் என்ற கடுமையான நஞ்சு உள்ளது. மென்று விழுங்கிய ஒரே விதைகூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். துளையிட்டுக் கோத்த விதை இன்னும் மோசமானது. கிலுகிலுப்பை, மாலை, களிமண் பொம்மையின் கண் என்று எங்கே குன்றிமணி இருந்தாலும் அதைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முழுச் சிவப்பான மஞ்சாடி விதை வேறு. ஆனால் அதுவும் தொண்டையில் சிக்கும் அளவுள்ளதுதான். குன்றிமணியை விழுங்கிய சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அதே விதை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று வயது வரை, எந்தப் பொம்மையானாலும், 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் முழுதாக நுழைந்துவிடும் பாகம் ஆபத்தானது என்று கொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பர் உருளையின் உள்ளட்டை இதைவிடச் சற்று அகலமானது; அதில் நுழையும் எதையும் ஒதுக்கிவிட்டால் கூடுதல் பாதுகாப்பு. பொத்தான் பேட்டரி போட்ட பொம்மையில் திருகாணி இல்லாத மூடி இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கப்பட்ட பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

பிறந்தநாளுக்கு வரும் முப்பது பிள்ளைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்ன கொடுப்பது?

முப்பது பிளாஸ்டிக் பொருள்கள் வாங்குவதற்கு ஆகும் செலவில், ஆளுக்கு ஒரு மெல்லிய தமிழ்ப் படப் புத்தகம் கொடுக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, புக்ஸ் ஃபார் சில்ரன் ஆகிய பதிப்பகங்களில் குறைந்த விலைப் புத்தகங்கள் உண்டு. உங்கள் குழந்தைக்கே ஒரு பெரிய பரிசு கொடுப்பதானால், கையால் திரையச்சு செய்து கையாலேயே தைத்துக் கட்டும் சென்னை தாரா புக்ஸின் புத்தகங்களைப் பாருங்கள்.

புத்தகம் வேண்டாம் என்றால், பக்கத்துத் தையற்கடையிலோ மகளிர் குழுவிலோ ஒரு மாதம் முன்பே சொல்லி, மிச்சத் துணியில் பென்சில் பை தைத்து வாங்குங்கள். முந்தைய நாள் போய் அவசரப்படுத்தினால், தைப்பவர் நம்மால் இரவு முழுவதும் கண் விழிக்க வேண்டியதாகிவிடும்.

விற்பனைக்கே இல்லாத பொம்மை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அது சுனாமிகா. 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை நிறுவனம் அருகில் உள்ள மீனவக் கிராமப் பெண்களுக்கு, மிச்சத் துணியில் விரல் நீளத்துக்குச் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பொம்மை விற்கப்படுவதில்லை, பரிசாகவே கொடுக்கப்படுகிறது. பெறுபவர்கள் விரும்பித் தரும் நன்கொடையிலிருந்து செய்தவர்களுக்கு ஊதியம் போகிறது. கடலைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கும் கடலை விரும்பும் பிள்ளைக்கும் சொல்வதற்கு அதனோடு ஒரு கதை வருகிறது. மிகச் சிறியது என்பதால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டாம்.

பிள்ளை விளம்பரத்தில் பார்த்த பொம்மையைத்தான் கேட்டு அழுகிறது. என்ன செய்வது?

ஐ.எஸ்.ஐ முத்திரை சரியாக இருந்தால், வருடத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. பெற்றோரின் கொள்கைக்காகப் பிள்ளை மட்டும் தன் நண்பர்களுக்கு நடுவில் ஏங்கி நிற்கக் கூடாது. கையால் செய்த பொம்மையைத் தண்டனை போலத் திணித்தால், அதன்மேல் வெறுப்புதான் வளரும். அதைச் செய்வதில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தான் தேய்த்த வண்டியையும் தான் நிறம் தேர்ந்தெடுத்த நூலையும் எந்தக் குழந்தையும் எளிதில் மூலையில் போடுவதில்லை.

அரக்குப் பொம்மையை எப்படிச் சுத்தம் செய்வது? உடைந்தால் என்ன செய்வது?

ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் மரம் வெடிக்கும். வெந்நீர் அரக்கை இளக்கும். ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும் என்பதால் சானிடைசரை அதன்மேல் தெளிக்கவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவந்தாலும் பளபளப்பு போய்விடும்.

சக்கரமோ மூடியோ உடைந்தால், தூக்கிப்போடுவதற்கு முன் வாங்கிய இடத்திலேயே கேளுங்கள். கடைசல் பட்டறையில் ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகச் செய்து தருவது சிறிய வேலைதான். தபாலில் அனுப்புவதானால், உடையாத மற்றொரு சக்கரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். விட்டமும் அச்சுத் துளையும் அளவு பிசகாமல் வருவதற்கு அது உதவும்.